சுவாமிமலை மெழுகும் டெல்டாக் கால்களும்

"தேன்மெழுகுல செஞ்ச மூலிகைக் களிம்பு காலுக்கு நல்லதா டாக்டர்?"

நடவு சீசன் வந்தாலே இந்தக் கேள்வி வந்துடும். பாபநாசம், கபிஸ்தலம், அய்யம்பேட்டைன்னு சுத்துப்பட்டு ஊர்கள்லேர்ந்து. (தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தைச் சொல்றேன். திருநெல்வேலிப் பாபநாசத்துக்காரங்க கோவிச்சுக்காதீங்க. உங்க ஊர்ல அருவி இருக்கு, எங்க ஊர்ல சேறு இருக்கு.)

பதில் ஒரே வரியில வேணும்னா: குதிகாலுக்குன்னா நல்லது, விரல் இடுக்குக்குன்னா வேண்டாம்.

ஏன்னு தெரிஞ்சுக்க விரும்புறவங்க மேல படிங்க. கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல ஒரு சிற்பி வருவார், ஒரு ராஜா வருவார், தினமும் வாசலின் சாப்பிட்ட ஒரு அமெரிக்கரும் வருவார்.

முதல்ல நம்ம ஊர் கால்களைப் பத்தி. திருப்பாலைத்துறைக் கோயில்ல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்னு இருக்கு, பார்த்திருப்பீங்க. 3000 கலம் நெல் கொள்ளும்னு சொல்லுவாங்க. அவ்வளவு நெல்லும் யாரோ முழங்கால் சேத்துல நின்னு நட்டது, களை பறிச்சது. அந்தக் காலுக்கு வருஷத்துல ரெண்டு விதமான தொந்தரவு. நடவு, களையெடுப்பு நாட்கள்ல விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, நாத்தம் வந்து, பிளந்து எரியும். அது சேற்றுப்புண். வயல் காஞ்ச பிறகு மாசி, பங்குனி, சித்திரையில குதிகால் பாளம் பாளமா வெடிக்கும். அது பித்தவெடிப்பு. பேருதான் பித்தவெடிப்பு, பித்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உள்ளங்கால் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. காஞ்சு, தடிச்சு, உடம்பு எடை அழுத்தும்போது பிளந்துடும்.

ஒன்னு தண்ணி அதிகமானதால வர்றது, இன்னொன்னு தண்ணி போதாததால வர்றது. ஒரே காலுக்கு ரெண்டும் வரும். இதை மனசுல வச்சுக்கோங்க.

இப்ப மெழுகுக்கு வருவோம்.

பாபநாசத்துலேர்ந்து கும்பகோணம் போற வழியில சுவாமிமலை. செப்புத் திருமேனி வார்க்கிற ஸ்தபதிகளோட ஊர். அவங்க பட்டறையில முதல்ல உருவாகிறது உலோகச் சிலை இல்ல, மெழுகுச் சிலை. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய் மூணையும் சேர்த்து உருக்கி, ஆறவச்சு, கையால பிசைஞ்சு, சாமியோட விரல் நகம் வரைக்கும் செதுக்குவாங்க. அதுமேல காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவச்சு, சூடு பண்ணுவாங்க. மெழுகு உருகி ஓடிடும், அது விட்டுட்டுப் போன இடத்துல உலோகம் போய் உக்காரும். சோழர் காலத்து நடராஜர் பிறந்தது இந்த முறையிலதான். இப்ப பாரபின் மெழுகும் கலக்கிறாங்க. ஆனா அடிப்படை அதேதான்.

அந்த மூணு பொருளும் என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. மெழுகு உருவத்தைத் தாங்குது. எண்ணெய் அதை இளக்கிக் கைக்கு வசப்படுத்துது. குங்கிலியம் இறுக்கத்தையும் ஒட்டுத்தன்மையையும் கொடுக்குது.

இதே மூணும் நம்ம பழைய மருத்துவத்துலயும் ஒன்னாவே நடமாடுது. சுஸ்ருத சம்ஹிதையில தீப்புண்ணுக்கு ஒரு களிம்பு இருக்கு. தேன்மெழுகு, குங்கிலிய வகைப் பிசின், அதிமதுரம், மஞ்சிட்டி, சந்தனம் இதையெல்லாம் சேர்த்து நெய்யில காய்ச்சுறது. அதுல தேன்மெழுகுக்கு வடமொழிப் பேர் 'மதூச்சிஷ்டம்'. தேன் எடுத்த பிறகு மிஞ்சுற எச்சம்னு அர்த்தம். 'மானசாரம்' என்ற சிற்ப நூல்ல மெழுகு வார்ப்புக்குன்னு ஒரு அதிகாரமே உண்டு. அதுக்குப் பேர் 'மதூச்சிஷ்ட விதானம்'. சிற்பிக்கும் வைத்தியருக்கும் ஒரே சரக்கு, ஒரே சொல்.

ஆயுர்வேதத்துல வாதரத்தத்துக்குத் தேய்க்கிற பிண்ட தைலத்துலயும் தேன்மெழுகு இருக்கு. அதனாலதான் அது ஊத்துற எண்ணெயா இல்லாம கொஞ்சம் கெட்டியா நிக்குது.

சித்த மருத்துவத்துக்கு வந்தா ஒரு சின்னக் குழப்பம் உண்டு, அதைத் தீர்த்துட்டுப் போயிடுறேன். 'ரசகந்தி மெழுகு', 'இடிவல்லாதி மெழுகு'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதெல்லாம் உள்ளுக்குச் சாப்பிடுற மருந்து. அரைச்ச பதம் மெழுகு மாதிரி இருக்கிறதால அந்தப் பேர். தேன்மெழுகு இருக்கணும்னு அவசியம் இல்ல. தோல்மேல பூசுற கெட்டி மருந்துக்குப் பேர் களிம்பு. சித்த மருத்துவம் சொல்ற 32 வகைப் புற மருந்துகள்ல அது ஒன்னு. பற்று, பூச்சு, ஒற்றடம், கட்டு, சீலை எல்லாம் அதோட கூடப்பிறந்தது. இவ்வளவு வகை எதுக்கு? எந்தப் புண்ணுல ஈரம் கசியுது, எதுல காஞ்சு கிடக்கு, எதை மூடணும், எதைத் திறந்து விடணும்ங்கிறதுக்குத்தான். என்னைக் கேட்டா, இலைகளோட பேரைவிட இந்தப் பாகுபாடுதான் பெரிய அறிவு.

தஞ்சாவூர்ல இதை ஒருத்தர் எழுத்தாவே சேர்த்து வச்சார். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். 'தன்வந்திரி மகால்'னு ஒன்னை நிறுவி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி வைத்தியர்களோட ஐரோப்பிய வைத்தியத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்தார். அங்க பயன் தெரிஞ்ச முறைகளைத் தமிழ்ப் பாட்டா எழுதி வைக்கச் சொன்னார். 'சரபேந்திர வைத்திய முறைகள்'ங்கிற பேர்ல சரசுவதி மகால் நூலகம் அதைப் பல தொகுதிகளா வெளியிட்டிருக்கு. கண் நோயாளிகளைப் பத்தின குறிப்புகளைப் படத்தோட எழுதி வச்ச அரண்மனை அது. இன்னைக்கு நாங்க கேஸ் ஷீட் எழுதுறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

அதே காலத்துல ஐரோப்பிய சர்ஜன்கள் புண்ணுக்குப் போட்டது என்ன தெரியுமா? 'பசிலிக்கான்' களிம்பு. அதுல என்ன இருந்துச்சு? மெழுகு, மரப்பிசின், எண்ணெய் இல்லேன்னா கொழுப்பு. திரும்பவும் அதே மூணு!

ஐரோப்பாவுல இந்தக் கதை ரொம்பப் பழசு. 2-ஆம் நூற்றாண்டுல ரோம்ல வைத்தியம் பார்த்த காலன், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கி, அதுல தண்ணியை அடிச்சுக் கலக்கி ஒரு பூச்சு செஞ்சார். தோல்ல தடவினா தண்ணி ஆவியாகிக் குளுகுளுன்னு இருக்கும். 'கோல்டு கிரீம்'ங்கிற பேருக்கு அதுதான் காரணம்.

நம்ம குங்கிலிய வெண்ணெயை நினைச்சுப் பாருங்க. குங்கிலியத்தை நல்லெண்ணெயில உருக்கி, தண்ணியில போட்டுத் திரும்பத் திரும்பக் கடைஞ்சு கழுவுவாங்க. பழுப்பா இருந்தது வெண்ணெய் மாதிரி வெளுத்துடும். தீப்புண்ணுக்கும் மூல எரிச்சலுக்கும் பூசுறது. வெளுத்ததுக்குக் காரணம் உள்ள சிக்கின தண்ணித் துளியும் காத்தும். குளிர்ச்சிக்கும் அதே தண்ணிதான் காரணம். காலனுக்கும் தஞ்சாவூர் வைத்தியருக்கும் கடிதப் போக்குவரத்து எதுவும் கிடையாது. எரியுற தோல் எங்கேயும் ஒன்னுதான், அதனால ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காங்க.

அப்புறம் தேன்மெழுகுக்குப் போட்டி எப்ப வந்துச்சு? 1859-ல. அமெரிக்காவுல பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகள்ல குழாய்ல படியுற ஒரு பிசுக்கைத் தொழிலாளிங்க வெட்டுக்காயத்துல தடவிக்கிறதை ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் கவனிச்சார். அதைச் சுத்தம் பண்ணி 1872-ல வாசலின்னு காப்புரிமை வாங்கினார். தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டாராம், 96 வயசு வரைக்கும் இருந்தார். (நீங்க சாப்பிடாதீங்க.) வாசலின் சிக்குப்பிடிக்காது, விலை குறைவு, வாசனை இல்ல. ஆஸ்பத்திரிக் களிம்புகள்ல தேன்மெழுகோட இடத்தைப் பெரும்பாலும் அது பிடிச்சுக்கிட்டது.

ஆனா ஒரு விஷயத்துல மெழுகை விட முடியல. வெயில். சும்மா எண்ணெய்க் களிம்பு நம்ம ஊர் மே மாசத்துல டப்பாவுக்குள்ளயே குழம்பாயிடும். தேன்மெழுகு உருக சுமார் 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் வேணும். அதைக் கொஞ்சம் சேர்த்தா களிம்பு நிக்கும்.

இவ்வளவு வரலாறும் எதுக்குன்னா, ஒரு கேள்விக்காக. களிம்புல எது மருந்து?

விளம்பரம் எல்லாம் மூலிகையோட பேரைத்தான் பெருசா போடுது. ஆனா வெடிச்ச குதிகால்ல வேலையில பாதிக்கு மேல செய்யறது அந்த மெழுகும் எண்ணெயும். தோலோட மேலடுக்குலேர்ந்து தண்ணி ஓயாம ஆவியாகிக்கிட்டே இருக்கு. மெழுகு அதுக்கு ஒரு மூடி. மூடி போட்டா உள்ள ஈரம் தங்கும், தோல் இளகும், பிளவு சேரும். மூடின ஈரம் புண்ணை ஆத்தும்ங்கிறதை 1962-ல ஜார்ஜ் வின்டர் பன்றித் தோல்ல செஞ்ச சோதனையில காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால மூடின காயம், காத்துல காயவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா மேல்தோல் மூடிச்சு. 'புண்ணு காயணும், காத்தாட விடு'ன்னு சொல்லிக்கிட்டிருந்த உலகத்துக்கு அது பெரிய அதிர்ச்சி.

அப்ப மூலிகை சும்மாவா? அப்படியும் சொல்லமாட்டேன். மரப்பிசினுக்குக் கிருமியை அடக்குற குணம் உண்டு. பின்லாந்துல ஸ்புரூஸ் மரப்பிசின் களிம்பைப் படுக்கைப் புண்ணுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2008-ல வந்துச்சு, முடிவு நல்லா இருந்தது, ஆனா நோயாளிகள் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. துபாய்ல 2003-ல தேன், தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய்க் கலவையை கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் போட்டுப் பார்த்தாங்க. அதுவும் சின்ன ஆய்வு, பலன் தெரிஞ்சுது. நம்பிக்கை தர்ற தொடக்கம்னு சொல்லலாம். 'தேன்மெழுகு சொரியாசிஸைக் குணப்படுத்தும்'னு போஸ்டர் ஒட்டுற அளவுக்கு இல்ல.

நேர்மையா இன்னொன்னும் சொல்லிடுறேன். வெறும் ஈரத்தைப் பூட்டுற வேலையில மெடிக்கல்ல கிடைக்கிற சாதா வாசலினை தேன்மெழுகு ஜெயிக்காது. தேன்மெழுகு ஒட்டிக்கிட்டு நிக்கும், சீக்கிரம் தேய்ஞ்சு போகாது, தோலுக்குப் பாந்தமா இருக்கும். எது கைக்கு எட்டுதோ அதைப் போடுங்க. குதிகாலுக்கு ரெண்டுமே நல்லது.

இனி விரல் இடுக்கு. இங்கதான் விஷயம் கனமாகுது.

சேற்றுப்புண்ல ஏற்கெனவே ஈரம் அளவுக்கு மேல. அந்த ஈரத்துல பூஞ்சைக் காளானும் பாக்டீரியாவும் குடியிருக்கு. அதுமேல மெழுகைப் பூசினா என்ன ஆகும்? மூடிதான். ஈரத்தையும் கிருமியையும் உள்ள வச்சுப் பூட்டிடுறோம். பூசின அன்னைக்கு எரிச்சல் குறையும், அதனால நல்லா இருக்குன்னு தோணும். நாலு நாள்ல இடுக்கு இன்னும் ஆழமாப் பிளக்கும்.

பிளந்தா என்ன, ஆறிடும்னு நினைக்கிறீங்களா? நம்ம பகுதியோட வரலாறு வேற சொல்லுது. யானைக்கால்னாலே கும்பகோணம்னு ஒரு காலத்துல பேச்சு இருந்துச்சு. கொசு கொண்டுவர்ற ஃபைலேரியாப் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுக்குது, கால் வீங்குது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா வீங்கின காலுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சலோட நெறி கட்டி, கால் சிவந்து எரியுமே, அதுக்கு வாசல் எது? 1990-கள்ல பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல மருத்துவர் ஜெர்சா டிரையரும் அவர் குழுவும் இதைத் தெளிவாக்கினாங்க. அந்தக் காய்ச்சல்ல பெரும்பாலானது புழுவால வர்றது இல்ல, விரல் இடுக்குப் பிளவு வழியா நுழையுற பாக்டீரியாவால வர்றது. ஒவ்வொரு தடவை வந்துபோகும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கை ஒத்தித் துடைச்சு, காளானுக்கு மருந்து போட்டாலே காய்ச்சல் குறையுது.

அதனால வீட்ல யாருக்காவது பழைய யானைக்கால் வீக்கம் இருந்தா, அவங்க விரல் இடுக்கைத் தினமும் பாருங்க. மெழுகுக் களிம்பு, எண்ணெய், வாசலின் எதுவும் இடுக்குல வேண்டாம். குதிகாலுக்கும் புறங்காலுக்கும் போடலாம், போடணும்.

நம்ம வயக்காட்டு அக்காமார் சேற்றுப்புண்ணுக்கு என்ன போடுவாங்க? மருதாணி. இலையை அரைச்சு இடுக்குல வச்சுட்டுத் தூங்கிடுவாங்க. அது காஞ்சு பொருக்கா ஒட்டும், ஈரத்தை இழுக்கும், தோலைத் துவர்க்க வைக்கும். அதுல இருக்கிற லாசோன்கிற சாயப்பொருள் ஆய்வகத்துல காளானை அடக்கிக் காட்டியிருக்கு. மெழுகும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. சேத்துப் புண்ணுக்கு உலர்த்துற மருந்து, வெடிப்புக்கு இளக்குற மருந்து. பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கு இது தெரிஞ்சிருந்தது. 'சகல கால் பிரச்சினைக்கும் ஒரே களிம்பு'ன்னு டப்பா விக்கிறவருக்குத் தெரியல. (கடையில விக்கிற கறுப்பு மருதாணி வேண்டாம். அதுல சேர்க்கிற முடிச்சாயம் தோலைப் பொசுக்கிடும்.)

மருதாணியில ஒரு வாரத்துல அடங்கலேன்னா காளான் கிரீம் போடணும். சேத்துல இறங்குறதை நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும், கூலி போயிடும். சாயங்காலம் கரையேறினதும் நல்ல தண்ணியில கழுவி, பழைய பருத்தித் துணியால ஒவ்வொரு இடுக்கையும் துடைக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. அதுவே பாதி வைத்தியம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. வெடிப்புல மெழுகுவர்த்தியை உருக்கி ஊத்துற ஒரு வீட்டுக்குறிப்பு சுத்திக்கிட்டிருக்கு. உணர்ச்சி மரத்த காலுக்கு அது சூடுன்னே தெரியாது. வெந்து கொப்புளமான பிறகுதான் கண்ணுல படும். அந்தக் கொப்புளம் எலும்பு வரைக்கும் போன கால்கள் உண்டு. உருக்கின எதையும் ஆறாம காலுக்குக் கிட்ட கொண்டுபோகாதீங்க. வெடிப்புல ரத்தம், சீழ், கறுப்பு நிறம் எது இருந்தாலும் களிம்பு தேடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

'இயற்கை'ன்னு டப்பாவுல போட்டிருந்தா போதுமா? பழைய களிம்புகள்ல ஈயச் சரக்கான மிருதார்சிங்கி, பாதரசம், மயில்துத்தம் எல்லாம் சேர்ந்த முறைகள் உண்டு. ஐரோப்பாவுலயும் ஈயப் பிளாஸ்திரி பல நூற்றாண்டு ஓடிச்சு. அதனால சந்தையில பேர், தயாரிப்பு உரிம எண், சேர்மானம் எதுவும் இல்லாத டப்பாவை வாங்காதீங்க. இன்னொரு அபாயம் இன்னும் புதுசு. ரெண்டே நாள்ல அரிப்பு மாயமாயிடுச்சுன்னா, அதுல வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு போட்டா அரிப்பு அடங்கும், காளான் பரவும். இந்தியா முழுக்க மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 2018-ல பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசாங்கம் விதி கொண்டுவந்தது. 'மூலிகை'ன்னு பேர் போட்ட டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு அந்த விதி எட்டிப் பார்க்காது.

வீட்லயே செய்யலாமான்னு கேப்பீங்க. குதிகால் வெடிப்புக்குத் தாராளமா செய்யலாம். தேன்மெழுகு 25 கிராம், நல்லெண்ணெய் இல்லேன்னா தேங்காய் எண்ணெய் 100 மில்லி. தேன்மெழுகு கதர்க் கடைகள்லயும் தேன் வளர்க்கிறவங்ககிட்டயும் விசாரிங்க. நீலகிரியில மலைத்தேன் எடுக்கிற பழங்குடி மக்களோட வேலை செய்யற கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை மாதிரி அமைப்புகள் வழியாவும் கிடைக்குது. ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்கட்டும், அதுக்குள்ள சின்னக் கிண்ணத்தை வச்சு மெழுகையும் எண்ணெயையும் உருக்குங்க. நேரா அடுப்புல வைக்காதீங்க, மெழுகு தீப்பிடிக்கும்.

மூலிகை சேர்க்கணும்னா காஞ்சதாப் போடுங்க. காஞ்ச வேப்பிலை, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. பச்சை இலைச் சாறுன்னா அதுல தண்ணி இருக்கும், தண்ணி தங்கினா பூஞ்சணம் பிடிக்கும். பழைய தைலக்காரங்க எண்ணெயில சடசடப்புச் சத்தம் அடங்குற வரைக்கும், கல்கம் மெழுகு பதம், மணல் பதம் வர்ற வரைக்கும் காய்ச்சினது தண்ணி மிச்சம் இல்லாம ஓட்டத்தான். நமக்கு அந்தக் கைப்பக்குவம் இல்ல, காஞ்ச இலை போதும்.

ராத்திரி கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணியில காலை ஊறவிடுங்க. சூட்டைக் கைமுட்டியால பார்த்துக்கோங்க, சர்க்கரை இருக்கிறவங்க வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. தடிச்ச தோலைப் படிக்கல்லால மெல்லத் தேய்ங்க, பிளேடு வேண்டாம். இடுக்கை நல்லாத் துடைங்க, குதிகாலை லேசா ஒத்தி எடுங்க. அந்த ஈரம் போறதுக்குள்ள களிம்பைத் தேய்ச்சு, பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்க. ரெண்டு வாரம் விடாம செஞ்சா வித்தியாசம் தெரியும். தேனீ கூடு அடைக்கிற பிசின் சில பேருக்கு ஒவ்வாது. அதனால முதல் தடவை முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க.

டப்பாவுல செஞ்ச தேதியை எழுதி ஒட்டுங்க. ஈரக் கையை உள்ள விடாதீங்க. பழைய கடலை மாதிரி சிக்கு வாடை வந்துடுச்சுன்னா, மெழுகு போச்சேன்னு பார்க்காம தூக்கிப் போட்டுடுங்க.